முதல் நாளில் கம்பி கட்டுவதில்லை

(நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆசிரியர் பயிற்சியில் பல் மருத்துவருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை தவறிய பற்களைச் சீர்செய்ய மிகவும் ஏற்ற வயது ஏறக்குறைய 11 முதல் 14 வரை. அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. அந்த வயதில் பிள்ளையின் முகத்தை நாள்தோறும் நேருக்கு நேர் பார்ப்பவர்கள் நீங்கள். வீட்டில் காலையில் அவசரம், இரவில் அசதி. பிள்ளை சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறதா, பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தயங்குகிறதா என்பது உங்கள் கண்ணில்தான் முதலில் படும்.

ஆனால் பெற்றோர் எங்களிடம் எப்போது வருகிறார்கள் தெரியுமா? பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய பிறகு. "தை மாதம் கல்யாணம், அதற்குள் சரிசெய்து கொடுங்கள் டாக்டர்" என்று கேட்கிறார்கள். பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம், அது உண்மை. ஆனால் தாடை எலும்பின் வளர்ச்சியைத் திசைதிருப்பிச் சரிசெய்வது வளரும் வயதில் மட்டுமே முடியும். அந்த வாய்ப்பு ஒருமுறை போனால் போனதுதான். பிறகு சிலருக்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழியாக மிஞ்சுகிறது.

ஏன் தாமதமாகிறது? வலிக்குமோ என்ற பயம், செலவாகுமோ என்ற பயம், அழகுக்குத்தானே என்ற அலட்சியம். முதல் இரண்டு பயங்களும் ஒரே இடத்திலிருந்து வருபவை: முதல் முறை போனால் அங்கே என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. போனவுடன் பல்லைப் பிடுங்கிக் கம்பி கட்டிவிடுவார்கள், பணத்தைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்று எண்ணுகிறார்கள். ஆகவே இன்று முதல் சந்திப்பைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். நீங்கள் தெரிந்துகொண்டால் ஒரு தாய்க்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

எந்தப் பிள்ளைக்குச் சொல்வது?

ஆறு வயதில் பால் பற்கள் விழத் தொடங்குகின்றன. அதே வயதில், இருக்கும் பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது நிலைப்பல். இதைப் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடும் வீடுகள் மிகப் பல. மற்ற பற்கள் எப்படிக் கடித்துப் பொருந்த வேண்டும் என்பதற்கு இந்தப் பல்தான் ஆதாரம். இது முளைத்த பிறகு, ஏழு வயதளவில் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமும் இந்த வயதைத்தான் பரிந்துரைக்கிறது. காட்டுவது என்றுதான் சொல்கிறேன், கம்பி கட்டுவது என்று சொல்லவில்லை.

வகுப்பில் நீங்கள் கவனிக்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டு கீழுதட்டின் மேல் படிந்திருப்பது. கடிக்கும்போது கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வந்து நிற்பது. பின்பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் சேராமல் நடுவில் நாக்குத் தெரிவது. பல்லுக்கு மேல் பல்லாக நெருக்கியிருப்பது. ஐந்து வயது தாண்டியும் விரல் சூப்புவது. சளி இல்லாத நாளிலும் வாயைத் திறந்தே மூச்சு விடுவது. பால் பல் விழாமலே அதன் பின்னால் நிலைப்பல் எட்டிப்பார்ப்பது. வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வது.

ஓர் அடையாளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். எட்டு, ஒன்பது வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் விலகி நடுவில் இடைவெளி தெரியும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அந்த இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். அது வளர்ச்சியின் ஒரு கட்டம், நோயல்ல.

இன்னொரு வேண்டுகோள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்காதீர்கள். "உனக்கு எத்துப்பல்" என்று நான்கு பேர் நடுவே சொல்லாதீர்கள். பெற்றோர் வரும் நாளில் தனியாக அழைத்துச் சொன்னால் போதும்.

அன்று என்ன நடக்கும்?

முதல் நாள் பார்ப்பதற்கும் அளப்பதற்குமான நாள். ஊசி கிடையாது, பல் பிடுங்குவது கிடையாது, கம்பி கட்டுவதும் கிடையாது. வலியோடு வந்த பிள்ளைக்கு அந்த வலியைத் தீர்ப்பது வேறு. சீரமைப்புக்காக வந்த பிள்ளைக்கு முதல் நாளில் வலிக்கும்படி எதுவும் செய்வதில்லை. இதை நீங்கள் பிள்ளையிடமே சொல்லலாம்.

பிள்ளை பல் துலக்கி, லேசாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தால் அச்சு எடுக்கும்போது குமட்டும். பழைய மருந்துச் சீட்டோ எக்ஸ்ரேயோ இருந்தால் கையோடு கொண்டுவர வேண்டும்.

ஓ.பி. சீட்டு போட்டு உள்ளே வந்ததும் முதலில் பேச்சுதான். பிள்ளையின் பிறந்த தேதி, முன்பு பல்லிலோ தாடையிலோ அடிபட்டதா, விரல் சூப்பும் பழக்கம் உண்டா, தூங்கும்போது வாய் திறந்திருக்குமா, அப்பா அம்மாவுக்குப் பல்வரிசை எப்படி என்று கேட்போம். இதயக் கோளாறு, ஆஸ்துமா, வலிப்பு போன்றவை இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வலிப்புக்கான சில மருந்துகள் ஈறை வீங்கச் செய்யும். கவரிங் நகை போட்டால் தோல் அரிக்கிறது என்றால் அதையும் சொல்லட்டும். கம்பிகளில் நிக்கல் கலந்திருக்கும் என்பதால் அது எங்களுக்குத் தேவையான செய்தி.

பெண் பிள்ளை என்றால் வயதுக்கு வந்துவிட்டாளா, எப்போது என்று கேட்போம். பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தாய்மார் முகம் சுளிப்பதுண்டு. உடல் வேகமாக வளரும் காலத்தில் தாடையும் வளர்கிறது. அந்தக் காலம் இனி வரப்போகிறதா, நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று அறியவே கேட்கிறோம். இந்தக் கேள்வி வரும் என்று தாயிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிள்ளை கூச்சத்தில் குன்றிப்போகாது.

அடுத்து முகத்தைப் பார்ப்போம். நேராகவும் பக்கவாட்டிலும் பார்ப்போம். சிரிக்கச் சொல்வோம், எச்சில் விழுங்கச் சொல்வோம், பேசச் சொல்வோம். பிறகு சிறு கண்ணாடியை வாயில் வைத்துப் பற்களை எண்ணுவோம். சொத்தை உண்டா, ஈறில் ரத்தம் வருகிறதா, மேல் கடைவாய்ப்பல்லும் கீழ்க் கடைவாய்ப்பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்று குறிப்போம். எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் 1899இல் வகுத்த மூன்று வகைப் பிரிவையே இன்றும் முதலில் எழுதுகிறோம். அந்த மூன்றையும் தீர்மானிப்பது ஆறு வயதில் முளைக்கும் அந்தக் கடைவாய்ப்பல்தான்.

சிகிச்சை தேவைப்படும் என்று தோன்றினால் பதிவுகள் எடுப்போம். சில இடங்களில் அன்றே எடுப்பார்கள், சில இடங்களில் வேறொரு நாள் வரச் சொல்வார்கள். முகத்தையும் பற்களையும் புகைப்படம் எடுப்பது ஒன்று. எக்ஸ்ரே எடுப்பது இன்னொன்று. இதில் இரண்டு வகை உண்டு. ஓ.பி.ஜி. என்பது எல்லாப் பற்களையும், இன்னும் முளைக்காமல் எலும்புக்குள் இருப்பவற்றையும் ஒரே படத்தில் காட்டும். மற்றொன்று தலையைப் பக்கவாட்டில் எடுத்துத் தாடைகளை அளக்க உதவும் படம். நின்றோ உட்கார்ந்தோ சில நொடிகள் அசையாமல் இருந்தால் போதும். தோடு, மூக்குத்தி, ஹேர்பின் ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். இவற்றின் கதிர்வீச்சு அளவு மிகக் குறைவு.

மூன்றாவது, அச்சு எடுப்பது. பிள்ளைகள் கொஞ்சம் முகம் சுளிப்பது இதற்குத்தான். குழைத்த மாவு போன்ற பொருளை ஒரு தட்டில் வைத்து வாயில் அழுத்திப் பிடிப்போம். இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பர் போல இறுகிவிடும். அதுவரை தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கால் மூச்சு விட வேண்டும். அந்த அச்சில் ஜிப்சம் மாவைக் குழைத்து வார்த்தால் பிள்ளையின் பல்வரிசை அப்படியே மாதிரியாகக் கிடைக்கும். சில இடங்களில் இப்போது சிறு கேமராவைப் பற்களின் மேல் நகர்த்திக் கணினியிலேயே மாதிரி எடுத்துவிடுகிறார்கள்.

மருத்துவர் தரும் நான்கு பதில்கள்

பார்த்து முடித்ததும் நான்கு பதில்களில் ஒன்று வரும். பெற்றோர் எதிர்பார்ப்பது நான்காவதை மட்டும்தான். அதனால்தான் பயப்படுகிறார்கள்.

ஒன்று, எதுவும் தேவையில்லை. சின்னக் கோணல் எல்லாம் குறையல்ல. தெத்துப்பல் சிரிப்பை விரும்புகிறவர்களும் நம் ஊரில் உண்டு.

இரண்டு, இப்போது வேண்டாம், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து வாருங்கள். சிறு வயதில் காட்டும் பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பதில்தான் கிடைக்கும். "ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டார், வந்தது வீண்" என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாது. எப்போது தொடங்குவது என்று நாள் குறித்திருக்கிறார் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள். அந்த நாளை நினைவூட்டவும் செய்தால் பேருதவி.

மூன்று, இப்போதே ஒரு சிறு உதவி. விரல் சூப்பும் பழக்கத்தை நிறுத்த ஒரு கருவி, முன்கூட்டியே விழுந்த பால் பல்லின் இடத்தைக் காக்க ஒரு கம்பி, முன்பின்னாகக் கடிக்கும் ஒரு பல்லைத் தள்ள ஒரு தட்டு. கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கும் பிள்ளைக்கு, வளர்ச்சி வேகமெடுக்கும் பருவத்தில் அணியும் கருவியும் உண்டு. நான் முதலில் சொன்ன, தவறவிடக் கூடாத வாய்ப்பு இதுதான்.

நான்கு, முழுச் சிகிச்சை. இதற்கும் அன்றே கம்பி கட்டுவதில்லை. சொத்தையை அடைத்து, பற்களைச் சுத்தம் செய்து, ஈறு ஆரோக்கியமான பிறகே தொடங்குவோம். பொதுவாக ஒன்றரை வருடம் முதல் இரண்டு வருடம் ஆகும். பல் நகர வேண்டுமானால் அதன் ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக உருவாக வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதை அவசரப்படுத்தினால் வேர் பழுதாகும். "மூன்று மாதத்தில் முடித்துக் கொடுங்கள்" என்பவர்களிடம் நாங்கள் கையை விரிப்பது இதனால்தான்.

கேட்டு வரவேண்டிய கேள்விகள்

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பலருக்குக் கேட்க வந்தது மறந்துபோகும். ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொடுத்து அனுப்புங்கள்.

என் பிள்ளைக்கு என்ன பிரச்சினை? சிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? இப்போதே தொடங்க வேண்டுமா, காத்திருக்கலாமா? எத்தனை மாதம் ஆகும், மாதத்துக்கு எத்தனை முறை வரவேண்டும்? பல் எடுக்க வேண்டி வருமா, ஏன்? மொத்தச் செலவு எவ்வளவு, அதில் எக்ஸ்ரேயும் கடைசியில் தரும் ரீட்டெய்னரும் அடங்குமா? தவணையாகக் கட்டலாமா?

"செய்யாமல் விட்டால் என்ன ஆகும்" என்ற கேள்வி மிக முக்கியம். அழகுக்காக மட்டும் என்றால் குடும்பம் தன் வசதியைப் பார்த்து முடிவு செய்யலாம். மெல்வது, பேசுவது, அடிபடுவது, ஈறு தேய்வது சம்பந்தப்பட்டது என்றால் முடிவு வேறு.

தினக்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு மருத்துவரின் கட்டணத்தைவிட, மாதம் ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும்தான் பெரிய கணக்கு. எத்தனை முறை வரவேண்டும் என்று முதல் நாளே தெரிந்தால்தான் தொடங்கலாமா என்று அவர்களால் முடிவு செய்ய முடியும். பாதியில் விட்ட சிகிச்சை, தொடங்காததைவிட மோசம். பல்லில் ஒட்டிய கம்பியைச் சுற்றிச் சொத்தை பிடிக்கும், நகர்ந்த பல் நடுவழியில் நின்றுவிடும்.

பல் எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் ஒரு குரல் எழும். "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்." இது முற்றிலும் தவறு. பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. பல்லுக்கு வருவது வேறொரு நரம்பின் கிளை. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று பாதிக்கப்படாது. அறிவியல் ஆசிரியர்கள் இதைப் படம் போட்டே விளக்கிவிடலாம். நெருக்கம் அதிகமான வாயில் இடம் உண்டாக்கத்தான் சில பற்களை எடுக்கிறோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுப்பதில்லை.

எங்கே போவது?

பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழுவை நீங்கள் அறிவீர்கள். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கானது. உதடு பிளவு, அண்ணப்பிளவு, பல் சொத்தை ஆகியவை அவர்கள் பார்க்கும் பட்டியலிலேயே இருக்கின்றன. குழு வரும் நாளில் உங்கள் கண்ணில் பட்ட பிள்ளையின் பெயரையும் சொல்லிவையுங்கள். குறிப்பாகப் பிளவு சரிசெய்யப்பட்ட பிள்ளைகளுக்குப் பல் சீரமைப்பு மருத்துவரின் கண்காணிப்பு நெடுங்காலம் தேவை.

அடுத்தது அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவு. சீரமைப்புச் சிகிச்சைக்கு அங்கிருந்து பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அரசுக் கல்லூரிகள் சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலும், சிதம்பரத்திலும், புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. கல்லூரி மருத்துவமனையில் முதுநிலை மாணவர் சிகிச்சை செய்வார், பேராசிரியர் மேற்பார்வையிடுவார். "படிக்கிற பிள்ளைகள் செய்கிறார்களே" என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். வரிசையில் காத்திருக்க நேரலாம், அவ்வளவுதான்.

தனியாரிடம் போனால், பி.டி.எஸ். முடித்த பிறகு பல் சீரமைப்பில் மூன்று ஆண்டு எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

வகுப்பறையில் உங்கள் பங்கு

கம்பி கட்டிய பிள்ளை மாதம் ஒருநாள் விடுப்புக் கேட்கும். தயங்காமல் கொடுங்கள். தேர்வு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ள முன்கூட்டியே தேதியைச் சொல்லுங்கள். கட்டிய முதல் மூன்று நான்கு நாட்கள் பல் வலிக்கும். இட்லி, தயிர் சோறு, கஞ்சி போன்றவற்றைத்தான் சாப்பிட முடியும். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு ஆகியவற்றைச் சிகிச்சை முடியும் வரை தவிர்க்க வேண்டும். கொய்யாவை நறுக்கித் தின்னலாம். மதிய உணவுக்குப் பிறகு பல் துலக்க ஐந்து நிமிடமும் ஒரு குழாயடியும் கொடுத்தால் சொத்தையைத் தடுக்க உதவும். ஒட்டியது கழன்றுவிட்டால் தூக்கியெறியாமல் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

துருத்திய முன்பற்கள் உள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டில் பல் அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நிலைப்பல் முழுதாக விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை உடற்கல்வி ஆசிரியர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்காக இருந்தால் சில நொடிகள் நல்ல தண்ணீரில் அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் விழுந்த குழியிலேயே பொருத்தி, ஒரு சுத்தமான துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். பால் கிடைக்காவிட்டால் ஒரு சிறு கிண்ணத்தில் பிள்ளையின் உமிழ்நீரிலேயே வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள், முடிந்தால் அரை மணி நேரத்துக்குள், பல் மருத்துவரிடம் போய்ச் சேருங்கள். அந்தப் பல் பிழைக்க வாய்ப்பு உண்டு. விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது.

கடைசியாக ஒன்று. கோணல் பல்லை வைத்து வகுப்பில் பட்டப்பெயர் பிறக்கும். கம்பி கட்டினால் அதற்கும் ஒரு பெயர் பிறக்கும். பட்டப்பெயருக்குப் பயந்து சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பெயர் முதல் நாளில் உங்கள் காதில் விழுந்தவுடன் நிறுத்திவிட்டால், மருத்துவர் இரண்டு வருடத்தில் செய்யும் வேலையில் பாதியை நீங்கள் செய்தது போலாகும்.

நாளை பள்ளிக்குப் போனதும் உங்கள் வகுப்பில் யாரைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்று யோசியுங்கள். சொல்லும்போது இரண்டே வாக்கியம் போதும்: "ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். முதல் நாளில் பார்ப்பார்கள், அளப்பார்கள், என்ன செய்யலாம், எப்போது செய்யலாம் என்று சொல்லி அனுப்புவார்கள்."